நீர் வகுத்த தடம்: மூவார்ப் பால்மரக் காடுகளில் சிறு டிராக்டர்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்த மூவார் வட்டாரத்தின் நிலம், பாதை அமைப்பவரின் பார்வையில், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு நிலங்களாகப் பிரிகிறது. மலாக்கா நீரிணையை ஒட்டிய கரையோரப் பகுதி, பாரிட் ஜாவா, பாரிட் பக்கார் முதலிய ஊர்ப்பெயர்களே உணர்த்துவது போல, ‘பாரிட்’ எனப்படும் வடிகால்களால் கூறுகூறாக வகுக்கப்பட்ட தாழ்நிலக் களிமண்ணைக் கொண்டது. பஞ்சோர், பாகோ, லெங்கா என்று மூவார் ஆற்றை எதிர்த்து உள்ளே செல்லச் செல்ல, நிலம் அலையலையாக எழுந்து, முன்பு மூவார் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்து பின்னர் தங்காக் என்னும் தனி மாவட்டமான பகுதியில், 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரச் சரிவுகளாக மாறுகிறது. கரையோரத்தில் பாதை என்பது பெரும்பாலும் வடிகாலின் கரைதான். உள்நாட்டிலோ பாதை என்பது மழைநீரோடு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உடன்பாடு. அந்த உள்நாட்டுச் சரிவுகளில், வயது முதிர்ந்த பால்மரங்களையும் அவற்றினிடையே மண்டிய புதரையும் அகற்றிச் சிறு டிராக்டரால் தடம் அமைக்கும் தொழிலை, அதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவரின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை விவரிக்க முற்படுகிறது.

இங்கு ஆளப்படும் சில சொற்களை முதலிலேயே தெளிவுபடுத்துவது நலம். மலேசியத் தமிழர் வழக்கில் ‘பால்மரம்’ என்பது ரப்பர் மரத்தைக் குறிக்கும். ‘காடு’ என்பது இயற்கை வனத்தை மட்டுமன்றித் தோட்டத்தில் வரிசை பிடித்து நட்ட ஒரு பகுதியையும் குறிக்கும் என்பதால், ‘பழைய காடு’ என்று தோட்டத்து மக்கள் சொன்னால் அது பால் வற்றி மறுநடவுக்குக் காத்திருக்கும் பகுதியே ஆகும். ‘நிரை’ என்பது மர வரிசை. பால்வெட்டு அல்லாத களையெடுப்பு, குழிவெட்டு, வடிகால் வேலை போன்றவை ‘வெளிக்காட்டு வேலை’ என வழங்கும். கைவிடப்பட்ட நிலத்தில் தானே முளைத்து எழும் இரண்டாம் நிலைப் புதர்க்காட்டை மலாய்ச் சொல்லான ‘பெலுக்கார்’ என்பதாலேயே அனைவரும் சுட்டுகின்றனர். ‘சிறு டிராக்டர்’ என்பது ஏறக்குறைய 20 முதல் 40 குதிரைத்திறன் உடையதும், நான்கு சக்கரங்களும் இழுப்பதும், ஒன்றேகால் மீட்டர் அளவு அகலமே உள்ளதும், அதனால் இரண்டு நிரைகளுக்கு நடுவே மரத்தில் உரசாமல் திரும்பக்கூடியதுமான வண்டி.

இப்பகுதியில் மரம் அகற்றும் தொழிலின் வரலாறு தமிழரின் உடலுழைப்போடு பிரிக்க முடியாமல் பின்னியது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளின் வழித்தோன்றல்கள், அத்தோட்டத்தின் இயக்குநரான ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தால் பரவத் தொடங்கியபோது, மலாயாவில் அவற்றை முதன்முதலில் வணிக அளவில் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் ஆவார். அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய நடவு, சில ஆண்டுகளில் லேடாங் மலைக்கு மறுபக்கத்திலுள்ள புக்கிட் அசஹானுக்கு விரிந்தது. அடுத்துவந்த கால் நூற்றாண்டில் மூவாரின் உள்நாட்டுக் காடுகளும் அதே வழியில் தோட்டங்களாயின. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் துணையோடும் கங்காணி முறையின் வழியாகவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரை அந்த வரத்து நீடித்தது. அவ்வாறு வந்தவர்கள் கோடரி, பாராங் கத்தி, மண்வெட்டி, அலவாங்கு ஆகிய நான்கு கருவிகளைக் கொண்டே பெருமரங்களைச் சாய்த்தனர், வடிகால் வெட்டினர், சரிவுகளில் படிமேடைகளைச் செதுக்கினர். ரப்பர் வரலாற்று நூல்கள் விதையையும் விலையையும் விரிவாகப் பேசுமளவுக்கு இந்த வெளிக்காட்டு வேலையைப் பேசுவதில்லை என்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

அக்காலத்து முறை சுருக்கமாக இதுதான்: முதலில் கீழ்க்காட்டை, அதாவது கொடிகளையும் சிறுமரங்களையும் வெட்டிச் சாய்ப்பர், அடுத்து, சரிவின் கீழ்ப்புறத்து மரங்களில் பாதி ஆழத்துக்கு வெட்டுவாய் போட்டுவிட்டு, மேற்புறத்துப் பெருமரம் ஒன்றை முழுதாகச் சாய்த்து, அதன் பாரத்தால் மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும்படி செய்வர், சில வாரம் வெயிலில் காயவிட்டு நெருப்பு வைப்பர். விரைவில் முடியும் முறை. உயிரைக் குடிக்கும் முறையும்கூட. மரத்தைத் தொடுமுன் வெற்றிலை, எலுமிச்சை, சூடம் வைத்து முனியாண்டியிடம் உத்தரவு கேட்கும் வழக்கம் அவர்களிடையே இருந்தது, இன்றும் சிலரிடம் இருக்கிறது. அந்தச் சில நிமிட நேரம் மரத்தை அண்ணாந்து முழுதாகப் பார்க்கவும் வைத்தது என்பதால், தொழில் நோக்கிலும் அது மதிக்கத்தக்க வழக்கமே.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. பெருந்தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட, பால்மரம் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களின் இரண்டு, மூன்று ஏக்கர் நிலங்களில் எஞ்சியுள்ளது. 1973இல் நிறுவப்பட்ட ரிஸ்டா என்னும் ரப்பர் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியம் அத்தகையோரின் மறுநடவுக்கு உதவி வருகிறது. பால்மரத்தின் பயன்தரு காலம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டு. அது முடிந்தும் வெட்டப்படாமல், உரிமையாளரின் பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போய்விட்டதால், நிலம் பெலுக்காராகிவிட்ட இடங்கள் சாகில், புக்கிட் கம்பீர், பாகோ சுற்றுவட்டாரத்தில் பல உள்ளன. அத்தகைய நிலத்தை மீட்க விரும்புபவர், ஓரத்து மரங்களை விற்று, நடுவில் டுரியானோ ரம்புத்தானோ நட்டு, எஞ்சிய மரநிழலில் நடக்கவும் வண்டி செல்லவும் தடம் கேட்கின்றனர். இருபது டன் எடையுள்ள மண்தோண்டி இயந்திரத்தை அங்கு இறக்கினால் ஒரே நாளில் எல்லாம் தரைமட்டமாகும்; ஆனால் அது இறுக்கிவிட்ட மண்ணில் பல ஆண்டுகளுக்கு வேர் இறங்கச் சிரமப்படும். சிறு டிராக்டரின் மதிப்பு அதன் வலுவின்மையில்தான் அடங்கியிருக்கிறது: அதனால் பெயர்க்க முடியாததைச் சுற்றிப் போகவேண்டியிருப்பதால், ஓட்டுபவர் நிலத்தின் போக்குக்கு இணங்கியே தீரவேண்டும்.

வெட்டிய பால்மரத்துக்கு மூவாரில் விலை உண்டு என்பதும் இத்தொழிலின் போக்கை முடிவுசெய்யும் காரணங்களுள் ஒன்று. மலேசிய மரத்தளவாடத் தொழிலின் தலைநகரம் என்று மூவார் பெயர் பெற்றிருப்பது பெருமளவு பால்மரப் பலகையின் துணையால்தான். வெளிர்நிறமும் சீரான இழையும் கொண்ட அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே வெட்டிய சில நாளிலேயே நீலப்பூசணம் படரும், துளைவண்டு ஏறும். அறுத்த பலகைக்குப் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் ஏற்றிய பின்னரே அது மேசையாகவும் நாற்காலியாகவும் ஆகத் தகுதி பெறுகிறது. இதனால், மரத்தைச் சாய்த்துவிட்டுப் பாதைக்காகக் காத்திருப்பது பொருந்தாது. லோரி நிற்கும் இடம்வரை மரத்துண்டை இழுத்துவரும் தடம் முதலில் இருக்கவேண்டும், மரம் பிறகு விழவேண்டும். தொழிலுக்குப் புதியவர்கள் இந்த வரிசையை மாற்றிச் செய்து, காட்டின் நடுவே நீலம் பாய்ந்து கிடக்கும் மரத்தை விறகு விலைக்கு விற்பதைப் பலமுறை காணலாம்.

தடத்தைக் குறிக்கும் வேலை வண்டியில் ஏறுவதற்கு வெகுமுன்னரே, காலால் செய்யவேண்டியது. இக்கட்டுரையாளர் பின்பற்றும் முறை, நிலத்தை இரண்டு முறை நடப்பது: ஒருமுறை வெயிலில், ஒருமுறை கனமழை பெய்து கொண்டிருக்கும்போதோ பெய்து ஓய்ந்த அரைமணிக்குள்ளோ. வெயிலில் நடக்கும்போது மரமும் பாறையும் எல்லைக்கல்லும் தெரியும்; மழையில் நடக்கும்போதுதான் நிலத்தின் உண்மையான உருவம் தெரியும். உலர்ந்தபோது சமதளமாகத் தோன்றிய இடத்தில் கணுக்கால் அளவுக்கு நீர் நிற்பதையும், கண்ணுக்கே படாத ஒரு மடிப்பு வழியாக மேட்டு நீர் முழுவதும் திரண்டு இறங்குவதையும், சருகு ஒதுங்கிய கோடு ஒன்று சரிவின் குறுக்கே வரைந்தது போல் கிடப்பதையும் அப்போது காணலாம். அந்தச் சருகுக் கோட்டுக்கு மேலே தடம் அமைத்தால் உலர்ந்திருக்கும், கீழே அமைத்தால் சேறாகும். ரெசாம் என்னும் பெரணி அடர்ந்த இடம் நீர் வடியும் மேடு என்பதும், காட்டுச்சேம்பு செழித்த இடம் நீர் தங்கும் பள்ளம் என்பதும் மழை பார்க்க வாய்க்காதவர்க்கு உதவும் குறிகள். ஆயினும் அவை மழைக்கு ஈடாகா.

நடந்து கண்ட தடத்தை மரங்களில் சாயத்துணி கட்டிக் குறித்தபின், அதன் ஏற்றத்தை அளக்கவேண்டும். ஏற்றம் என்பது, பத்து மீட்டர் நடந்தால் எவ்வளவு உயர்கிறோம் என்பதன் விகிதம். ஒரு மீட்டர் உயர்ந்தால் அது நூற்றுக்குப் பத்து. பழைய தோட்டங்களில், கம்பு ஒன்றின் தலையில் நோக்குக்குழலும் பாரமும் தொங்கும் ‘ரோட் டிரேசர்’ என்ற கருவியால் சரிவுகளில் படிமேடைக் கோடுகளை இழுத்தனர். அது கிடைக்காத இன்று, இரண்டு கழிகளைக் கூம்பாகக் கட்டிக் குறுக்குச்சட்டம் வைத்துத் தூக்குக்குண்டு தொங்கவிட்ட சட்டமோ, நீர் நிரப்பிய நெகிழிக் குழாயோ போதும். செம்மண் சரிவில் தடத்தின் பொதுவான ஏற்றம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டாமலும், எந்த இடத்திலும் அத்தடம் அமையும் சரிவின் செங்குத்தில் பாதிக்கு மேல் போகாமலும் இருப்பது நல்லது. இரண்டாவது விதிக்குக் காரணம் எளியது: தடம் சரிவின் குறுக்கே சென்றால் மேலிருந்து வரும் நீர் அதைத் தாண்டிக் கீழே போய்விடும், தடம் சரிவின் போக்கிலேயே இறங்கினால் நீர் அதையே வாய்க்காலாக்கிக் கொள்ளும்.

இந்த விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இக்கட்டுரையாளரின் தொடக்ககால வேலை ஒன்றே சான்று. நில உரிமையாளர் ஒருவர் வீட்டு வாசலிலிருந்து மேட்டு முகடு வரை நேர்கோட்டில் தடம் வேண்டுமென்று கேட்டார். நேர்கோடு அழகு என்றும் தூரம் குறைவு என்றும் எண்ணி, வேலையை ஏற்றவரும் மறுத்துப் பேசவில்லை. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் அடுத்துவந்த ஜனவரியிலும் ஜொகூரின் பல பகுதிகளை மூழ்கடித்த பெருமழையில் அந்தத் தடம் இடுப்பளவு ஆழமுள்ள ஓடையாயிற்று. அரித்த செம்மண் முழுவதும் கீழேயிருந்த காய்கறிப் பாத்தியில் வந்து படிந்தது. பெருமழையைக் குறைசொல்வது எளிது. ஆனால் அதே மழையில், அதே சரிவின் மறுபுறத்தில், பால்வெட்டுக்காரர்களின் கால்களால் பல பத்தாண்டுகள் மிதிபட்டு உருவான கோணல்மாணலான ஒற்றையடிப் பாதை ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெளிச்சம் வருமுன் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து, பிறகு பால்வாளிகளைச் சுமந்து இறங்கியவர்கள், சறுக்காத வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சறுக்காத வழி எதுவோ அதுவே நீர் அரிக்காத வழியும் ஆகும். அன்று முதல், பழைய பால்வெட்டுப் பாதையின் தடயம் எங்கேனும் இருந்தால் அதைத் தேடிக் கண்டு, அதன்மேலேயே வண்டித்தடத்தை அமைப்பது இக்கட்டுரையாளரின் வழக்கமாயிற்று.

மரம் சாய்ப்பதைப் பற்றிச் சொல்லும்போது, சாய்க்கும் கருவி இயந்திர வாளே அன்றி டிராக்டர் அன்று என்பதை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. முன்புறக் கரண்டியால் நிற்கும் மரத்தை முட்டித் தள்ளுவது, உலர்ந்த கிளை ஓட்டுபவரின் தலைமேல் விழவும், வேர்ப்பரப்பு எழுந்து வண்டியின் முன்பகுதியைத் தூக்கவும் வழிசெய்யும் தவறு. பெலுக்காரில் மரத்துக்கு மரம் கொடி பிணைத்திருக்கும். ஒன்றை வெட்டினால் மற்றொன்றின் கிளை எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். ஆகவே சாய்ப்பதற்குப் பல மாதம் முன்னரே கொடிகளின் அடியை அறுத்துவிட்டு, அவை காய்ந்து பிடி விட்ட பின் மரத்தைத் தொடுவதே முறை. சாயும் பக்கத்தில் விட்டத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுவாய் எடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டுப் போட்டு, இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள மரப்பட்டியை அறுக்காமல் விடவேண்டும். ‘கீல்’ எனத்தகும் அந்தப் பட்டிதான் மரத்தைக் கதவைப் போலத் திருப்பிக் குறித்த பக்கத்தில் படுக்கவைக்கிறது. மர உயரத்தில் இரண்டு மடங்கு தொலைவுக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. செம்பனை இதற்கு விலக்கு: அதன் தண்டில் வயிரம் இல்லை, நாரும் நீருமே உள்ளன, கீல் எதிர்பாராமல் கிழியும், விழுந்த தண்டு ஒரு டன்னைத் தாண்டும். அதைச் சிறு டிராக்டரோடு செய்ய முயலாமல் பெரிய இயந்திரத்திடம் விடுவதே அறிவுடைமை. உச்சாணியில் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லா மரத்துக்கும் பொருந்தும். மூவார், பக்ரி, பாரிட் சூலோங் வழியாக 1942 ஜனவரியில் கடும்போர் நடந்த நிலம் இது என்பதால், வேர்மண்ணில் துருப்பிடித்த குண்டு போன்ற எதுவும் தென்பட்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்வதும் அவ்வாறே.

சாய்த்த மரத்தை இழுப்பதில்தான் டிராக்டர் தன் பணியைத் தொடங்குகிறது, அதன் பெரிய ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பின்சக்கரங்கள் இழுக்க முயலும்போது சுமை அசையவில்லை என்றால், எஞ்சினின் திருப்புவிசை சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே பின்னச்சைச் சுற்றிச் சுழற்றப் பார்க்கிறது. சங்கிலி பின்னச்சுக்குக் கீழே, தாழ்ந்த இழுப்புக்கம்பியில் மாட்டப்பட்டிருந்தால் சுமையே முன்பகுதியைக் கீழே அழுத்தி வைக்கும். அச்சுக்கு மேலே மாட்டப்பட்டிருந்தால் முன்சக்கரங்கள் எழுந்து வண்டி பின்புறமாகக் கவிழும். எழத்தொடங்கிய வண்டி மீளமுடியாத நிலையை அடைய ஏறக்குறைய முக்கால் நொடிதான் ஆகும். ஒருவர் அபாயத்தை உணர்ந்து கிளட்ச்சை மிதிக்கத் தேவைப்படும் நேரம் அதைவிட அதிகம். இக்கட்டுரையாளர் ஒருமுறை, அவசரத்தில் சங்கிலியை மேல் இணைப்பு ஊசியில் மாட்டி ஏற்றத்தில் இழுத்தபோது முன்சக்கரங்கள் எழுந்ததும், மரத்துண்டு தற்செயலாக வேரிலிருந்து விடுபட்டதால் மட்டுமே அவை திரும்ப இறங்கியதும் நடந்துள்ளன. அதில் திறமைக்கு எந்தப் பங்கும் இல்லை. ஓட்டுபவரின் பின்னால் வளைந்து நிற்கும் கவிழ்காப்புச் சட்டத்தை, கிளையில் மாட்டுகிறது என்று மடக்கி வைப்பதும், சட்டம் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டையை அணியாமல் இருப்பதும், இத்தொழிலில் எவ்வகையிலும் பொறுக்கத்தகாதவை.

ஆகவே சரிவில் மரத்தை நேராக இழுக்காமல், பின்புற மூன்றுமுனை இணைப்பில் பொருத்திய வின்ச்சைக் கொண்டு இழுப்பதே சிறந்தது. வின்ச் என்பது எஞ்சினின் பின்தண்டு, அதாவது நிமிடத்துக்கு 540 சுற்று சுழன்று கருவிகளுக்கு வலுக்கொடுக்கும் தண்டு, சுழற்றும் எஃகுவட உருளை. வண்டி உறுதியான மேட்டில் தகட்டை மண்ணில் ஊன்றி நிற்க, வடம் மட்டும் காட்டுக்குள் சென்று மரத்தைக் கொண்டுவரும். சக்கரம் படும் நிலப்பரப்பு பெருமளவு குறையும். வடம் அறுந்தால் சாட்டையைப் போல் அடிக்கும் என்பதால் அதன் நேர்கோட்டில் ஆள் நிற்கக்கூடாது. சுழலும் பின்தண்டின் மேலுறை உடைந்திருந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும். ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று சுழலும் தண்டு, சட்டை நுனியைப் பற்றினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசம் தராது.

அடிக்கட்டையும் கழிவும் அடுத்த சிக்கல். பால்மரத்தின் அடிக்கட்டையை மண்ணில் விட்டால், வெள்ளைவேர் நோயை உண்டாக்கும் பூசணம் அதில் குடியேறி, வேர் தொடும் வழியாகப் புதிய கன்றுகளுக்குப் பரவும். ஆகவே கன்று நடும் பகுதியில் கட்டையைப் பெயர்த்தெடுப்பதும், தடத்தின் ஓரத்தில் நட்டு வளர்ப்பது எதுவும் இல்லாத இடத்தில் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணைப் பிடித்திருக்கச் செய்வதும் இருவேறு தேவைகளுக்கு ஏற்ற இருவேறு விடைகள். கழிவை எரிக்கும் காலம் போய்விட்டது. 1980களின் இறுதியில் மலேசியத் தோட்டத்துறையில் உருவாகி, 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதை கோல்டன் ஹோப் நிறுவனத்துக்குப் பெற்றுத்தந்த எரிக்கா மறுநடவு முறை, வெட்டியதை நிரைகளுக்கு நடுவே அடுக்கி மக்கவிடச் சொல்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் பிற்காலத் திருத்தத்தின் வழி திறந்தவெளி எரிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. தடம் அமைப்பவருக்கு இது கூடுதல் வசதி: கிளைக்கழிவைத் தடத்தின் பள்ளப்பக்க ஓரமாகச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால், தடத்திலிருந்து வெளியேறும் நீர் அங்கே வேகம் குறைந்து மண்ணை விட்டுச்செல்லும். மக்கும் செம்பனைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால், அத்தகைய அடுக்கின்மேல் பியூராரியா, முக்குனா போன்ற மூடுகொடிகளைப் படரவிடுவது வழக்கம்.

தடத்தை வெட்டும் வேலையோ ஒப்புநோக்க எளிது. மேட்டுப்பக்கத்து மண்ணைப் பின்தகட்டால் வெட்டிப் பள்ளப்பக்கத்துக்குத் தள்ளினால் மேசை போன்ற மேற்பரப்பு கிடைக்கும். ஆனால் தள்ளிய மண் தளர்ந்தது, அதன்மேல் சக்கரம் ஏறக்கூடாது, வெட்டுண்ட கெட்டி மண்ணின்மேல்தான் வண்டி ஓடவேண்டும். மேற்பரப்பு பள்ளப்பக்கமாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சாய்ந்திருந்தால் நீர் தடத்தில் ஓடாமல் ஓரமாக வழிந்துவிடும். அவ்வாறு இருந்தும், சக்கரச்சுவடு நாளடைவில் பள்ளமாகி நீரைப் பிடித்துவைக்கும் என்பதால், முப்பது நாற்பது மீட்டருக்கு ஒருமுறை, ஏற்றம் கூடிய இடத்தில் இருபது மீட்டருக்கு ஒருமுறை, தடத்தையே சற்றுத் தாழ்த்தி மறுபடி உயர்த்தி ஓர் அலைத்தாழ்வு அமைக்கவேண்டும். ஏரியின் கலுங்கு மிகைநீரை வெளியேற்றுவது போல, அது அதுவரை சேர்ந்த நீரை வெளியேற்றும்; வண்டியில் போகிறவர் அதை உணரவும் மாட்டார். கரையோரச் சதுப்பில் இந்த உத்திகள் எவையும் பயன்படா: அங்கே தடம் வெட்டப்படுவதில்லை, இரண்டு பக்கமும் வாய்க்கால் தோண்டி நடுவில் உயர்த்தப்படுகிறது, மண் பல மாதம் அமிழ்ந்து அடங்கிய பிறகுதான் வண்டி ஏறலாம்.

எவ்வளவு அகலம் என்ற கேள்விக்குப் பெரும்பாலான உரிமையாளர்கள் தவறான விடையையே தருகின்றனர். அகலம் கூடினால் வசதி என்று அவர்கள் நினைக்கின்றனர். ஆனால் தடத்தின் மேலே வான் திறந்துகொண்டால் முதலில் வருவது லாலான் புல், அதன் பின்னால் மிக்கானியாக் கொடி. இரண்டும் வெயிலை நாடுபவை. லாலானின் கிழங்குத்தண்டு மண்ணடியில் பரவுவதால், சிலாஷர் எனப்படும் சுழல்வெட்டியால் மாதம் ஒருமுறை வெட்டினாலும் அது தணியுமே தவிர ஒழியாது. மறுபக்கம், வான் முழுவதும் மூடிய தடம் உலராமல் பாசி பிடிக்கும். இரண்டு மீட்டர் அகலம், தலைக்கு மேல் கிளைகள் ஏறத்தாழத் தொட்டுக்கொள்ளும் நிழல், நண்பகலில் மட்டும் சிதறி விழும் வெயில் என்ற அளவில் நிறுத்திய தடங்களே இக்கட்டுரையாளரின் பட்டறிவில் குறைந்த பராமரிப்போடு நீடித்துள்ளன. அவற்றுக்கும் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மழைக்கு முன்னும் அக்டோபர் மழைக்கு முன்னும், அலைத்தாழ்வுகளின் வாயில் படிந்த மண்ணை மண்வெட்டியால் அள்ளிவிட வேண்டும். அந்த வேலைக்கு டிராக்டர் தேவையில்லை. ஓர் ஆள் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

பால்வெட்டுப் பாதைகளைக் காலால் அறிந்த தலைமுறை இன்று எழுபதைத் தாண்டியது. எந்த நிரையின் முடிவில் ஊற்று இருந்தது, எந்த மேட்டில் மழை நாளிலும் வாளியோடு இறங்க முடிந்தது, எந்தப் பள்ளத்தில் பாலம் போட்டும் நிற்கவில்லை என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. மூவாரிலும் அதைச் சுற்றியும் பழைய காட்டை மீட்க எண்ணும் ஒவ்வொருவரும், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன், அந்நிலத்தில் வேலை செய்த மூத்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒரு மழைநாளில் குடையோடு அவர் பின்னால் நடந்து, அவர் கைகாட்டும் இடங்களிலெல்லாம் சாயத்துணி கட்டிக்கொள்ளுங்கள்.